ஒரு பெயர், பல மருத்துவங்கள்: குருத்தணுச் சிகிச்சையின் பயனும் இடரும்

(தேசூர் அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

குருத்தணுச் சிகிச்சை என்ற பெயரால் இன்று வழங்கப்படுபவை அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. இந்தியாவில் நாற்பது ஆண்டுகளாக உயிர்களைக் காத்துவரும் எலும்பு மஜ்ஜை மாற்றத்தை அப்பெயர் குறிக்கிறது. பயன் உண்டென்று முறையான ஆய்வு எதுவும் காட்டாத நிலையில், மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தையின் பெற்றோரிடம் பெருந்தொகை பெற்றுக்கொண்டு செலுத்தப்படும் ஊசியையும் அதே பெயரே குறிக்கிறது. முன்னது உழைத்துத் தேடிய நற்பெயர் பின்னதன் விளம்பரத்துக்கு மூலதனமாகிவிட்டது என்பதே இத்துறையின் தலையாய இடர். ஆரணி வட்டாரத்துப் பட்டு நெசவூர்களுள் ஒன்றான தேசூர் போன்ற ஊர்களில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு தறியாகவும் நகையாகவும் துண்டு நிலமாகவும் இருப்பதால், இவ்விரண்டையும் பிரித்தறியத் தவறும் குடும்பம் நோயோடு கடனையும் சேர்த்துச் சுமக்க நேர்கிறது.

உடலின் பெரும்பாலான உயிரணுக்கள் தமக்கென ஒதுக்கப்பட்ட ஒரு தொழிலைச் செய்து, ஒரு கால எல்லைக்குள் மடிபவை. இரத்தத்தின் சிவப்பணு, எடுத்துக்காட்டாக, ஏறத்தாழ 120 நாள்களே வாழ்கிறது. மடிந்தவற்றின் இடத்தை நிரப்பும் பொறுப்பு, மருத்துவமனைகளில் ஸ்டெம் செல் என்று சொல்லப்படும் குருத்தணுக்களைச் சார்ந்தது. தன்னைப் போன்ற இன்னொரு குருத்தணுவைப் பிறப்பித்துத் தன் இனம் குறையாமல் காப்பதும், தேவை எழும்போது தனித்தொழில் உடைய உயிரணுவாக முதிர்வதும் ஆகிய இரண்டு ஆற்றல்களும் ஒருங்கே அமைந்திருப்பதே குருத்தணுவின் இலக்கணம். எலும்புகளின் உட்பகுதியிலுள்ள மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் கோடிச் சிவப்பணுக்களை உண்டாக்குவது இந்த ஆற்றலால்தான். டொரண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்குலக் ஆகிய இருவரும் எலிகளைக் கொண்டு நிகழ்த்தி 1961-இல் வெளியிட்ட சோதனைகள், மஜ்ஜையில் இத்தகைய உயிரணுக்கள் இருப்பதை ஐயமின்றிக் காட்டின.

வளர்ந்த உடலில் உள்ள குருத்தணுக்களுக்கு ஓர் எல்லை உண்டு. இத்துறையில் நிகழும் ஏமாற்றங்களுள் பெரும்பாலானவை இந்த எல்லையை மறைப்பதிலேயே தொடங்குகின்றன. இரத்தக் குருத்தணு இரத்தத்தைத் தரும், தோலின் குருத்தணு தோலைத் தரும்; மஜ்ஜையிலிருந்து எடுத்ததை முதுகுத்தண்டில் செலுத்தினால் அது நரம்பாக முளைத்துவிடாது. எந்தத் திசுவாகவும் மாறவல்லவை கருவின் தொடக்க நாள்களில் காணப்படும் கருக் குருத்தணுக்களே. மனிதக் கருவிலிருந்து அவற்றைப் பிரித்து ஆய்வகத்தில் வளர்த்தவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன், ஆண்டு 1998. முதிர்ந்த உயிரணுவின் மரபணுக்களில் நான்கை மட்டும் தூண்டி, அதைக் கருநிலைக்குத் திருப்பலாம் என்று ஜப்பானின் ஷின்யா யமனாக்கா 2006-இல் எலியிலும் 2007-இல் மனித உயிரணுவிலும் காட்டி, 2012-இல் நோபல் பரிசு பெற்றார். இவ்விரு வகைகளும் பெரும் நம்பிக்கைக்கு உரியவை. ஆயினும் எதுவாகவும் மாறவல்ல உயிரணு கட்டியாகவும் மாறவல்லது என்பதால், அவை இன்னும் பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.

மெய்ப்பிக்கப்பட்ட குருத்தணுச் சிகிச்சையின் வரலாறு இரத்தத்தில் தொடங்குகிறது. அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ் 1957-இல் மஜ்ஜையை நோயாளிகளின் இரத்தக் குழாயில் செலுத்திய முதல் முயற்சிகளை வெளியிட்டார். அந்நோயாளிகள் நெடுநாள் பிழைக்கவில்லை. ஒருவரின் திசுவை மற்றொருவரின் உடல் ஏற்பதையும் மறுப்பதையும் தீர்மானிக்கும் எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளங்களைப் பொருத்திப் பார்க்கும் முறை வளர்ந்த பின்னரே அச்சிகிச்சை கைகூடியது. தாமஸுக்கு நோபல் பரிசு வந்தது 1990-இல். இந்தியாவில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1983-இல் இதைத் தொடங்கியது. தேசூரிலிருந்து ஆரணி வழியாகச் சில மணி நேரத்தில் சென்றடையக்கூடிய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், மாமன் சாண்டி தலைமையிலான மருத்துவக் குழு 1986-இல் இப்பணியில் இறங்கியது. வடார்க்காட்டு மக்கள் காய்ச்சலுக்கும் பேறுகாலத்துக்கும் நாடிச் செல்லும் அதே நிறுவனம் நாட்டின் முன்னணி மஜ்ஜை மாற்று மையங்களுள் ஒன்றாக இருப்பது, அதன் வாசலை அடுத்து வாழும் பலருக்குத் தெரியாத செய்தி.

தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயைக் கொண்டு இச்சிகிச்சையின் போக்கை விளக்கலாம். சிவப்பணுவில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தை ஆக்கும் மரபணுவில் பிழை இருப்பதால், இந்நோயின் கடுமையான வடிவத்தோடு பிறக்கும் குழந்தைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றிய இரத்தத்திலுள்ள இரும்புச் சத்து கல்லீரலிலும் இதயத்திலும் படிந்து பின்னாளில் உயிருக்கே உலை வைக்கும். பாவில் ஓர் இழை மாறிக் கோத்துவிட்டால் சேலையின் கடைசி முழம் வரை அந்தப் பிழை தொடர்வதைப் போல, குருத்தணுவில் உள்ள பிழை அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு சிவப்பணுவிலும் தொடர்கிறது. ஆகவே கடும் மருந்துகளால் குழந்தையின் மஜ்ஜையை முற்றிலும் அழித்துவிட்டு, திசு பொருந்திய ஒருவரின் இடுப்பெலும்பிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ எடுத்த குருத்தணுக்களைச் சாதாரண இரத்தம் ஏற்றுவதைப் போலவே ஏற்றுகிறார்கள். அவை தாமாகவே மஜ்ஜையைத் தேடிச் சென்று குடியேறி, சில வாரங்களில் புதிய இரத்தத்தை உண்டாக்கத் தொடங்குகின்றன.

இது நோயை வேரோடு நீக்கும் மருத்துவம். எளிய மருத்துவம் அன்று. பழைய மஜ்ஜை அழிந்து புதியது முளைக்கும் வரையிலான வாரங்களில் நோய் எதிர்ப்பு ஆற்றலே இல்லாமல் போவதால், பிறருக்குச் சளியோடு தீரும் தொற்று இக்குழந்தைக்கு உயிரெடுக்கும். குடியேறிய புதிய எதிர்ப்பணுக்கள் தாம் வந்து சேர்ந்த உடலையே அயலெனக் கருதித் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கும் நிலை வேறு உண்டு. ஒட்டுத்திசு எதிர்வினை என்று குறிக்கத்தக்க இது சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். மஜ்ஜையை அழிக்கும் மருந்துகளால் பிற்காலத்தில் மகப்பேறு வாய்க்காமல் போவதும் உண்டு. கல்லீரல் வீங்குவதற்கு முன், இரும்பை அகற்றும் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்ட குழந்தைகளுக்கு மாற்றுச் சிகிச்சை நன்கு பலிக்கிறது என்பதை இத்தாலியின் பெசாரோ நகர மருத்துவர்கள் நிறுவினர். காலம் தாழ்ந்து வரும் குழந்தைகளுக்கும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டும் வகையில் ட்ரியோசல்ஃபான் என்ற மருந்தைக் கொண்ட முறையை வேலூர் மருத்துவர்கள் பயன்படுத்தி, அதன் முடிவுகளை 2013-இல் வெளியிட்டனர். செலவைப் பொறுத்தவரை, கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியால் 2017 முதல் நடைபெறும் திட்டம் தகுதியுள்ள தலசீமியாக் குழந்தைக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. ஏழை வீட்டுக்கு இச்சிகிச்சை எட்டாது என்று முன்கூட்டியே முடிவுகட்டிக் குழந்தையை வீட்டோடு வைத்துவிடுவது வருந்தத்தக்கது.

திசு பொருத்தம் பற்றிப் பேசும்போது தமிழகத்தின் மண வழக்கத்தைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. எச்.எல்.ஏ. அடையாளங்களில் ஒரு பாதி தந்தையிடமிருந்தும் மறு பாதி தாயிடமிருந்தும் வருவதால், உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவுக்குள் மணம் செய்யும் குடும்பங்களில் இருவிதமான விளைவுகள் தோன்றுகின்றன. கணவன் மனைவி இருவரும் ஒரே மறைந்த மரபணுப் பிழையைச் சுமந்து, அது குழந்தையில் நோயாக வெளிப்படும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுகிறது. அதே வேளையில், ஒரே மூதாதையரின் திசு அடையாளங்கள் குடும்பத்தில் திரும்பத் திரும்ப வருவதால், உடன்பிறந்தார் பொருந்தாதபோதும் பெற்றோரோ பெரியப்பன் சித்தப்பன் பிள்ளைகளோ பொருந்தும் வாய்ப்பும் கூடுகிறது. உறவு மணத்தை நியாயப்படுத்த இதை எவரும் எடுத்தாளக் கூடாது. நோயுற்ற குழந்தை பிறந்துவிட்ட வீட்டில் விரிந்த உறவினர் வட்டத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கே இது காரணம் ஆகும். உறவில் எவரும் பொருந்தாதவர்களுக்காகவே சென்னையில் 2009-இல் தொடங்கப்பட்ட தாத்ரி போன்ற கொடையாளர் பதிவகங்கள் உள்ளன. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுக்கும் மாதிரியே பதிவுக்குப் போதும். இந்தியர்க்குப் பொருந்தும் திசு பெரும்பாலும் இந்தியரிடையேதான் கிடைக்கும் என்பதால், நம் ஊர் இளைஞர்கள் பதிவு செய்வதை வெளிநாட்டுப் பதிவகம் எதுவும் ஈடுசெய்ய முடியாது.

மற்றொருவரின் குருத்தணுவை நாடாமல், நோயாளியின் சொந்தக் குருத்தணுவையே திருத்தித் திரும்பச் செலுத்தும் முயற்சியிலும் வேலூர் முன்னணியில் நிற்கிறது. இரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி என்ற புரதம் இல்லாததால் சிறு காயத்திலும் மூட்டுக்குள்ளும் இரத்தம் கசிந்துகொண்டேயிருக்கும் ஹீமோஃபிலியா ஏ நோய்க்கு, அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையிலான குழு, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு இணைந்து நிகழ்த்திய சோதனையின் முடிவுகளை 2024 டிசம்பரில் வெளியிட்டது. நோயாளியின் குருத்தணுக்களை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, தீங்கு செய்யும் ஆற்றல் நீக்கப்பட்ட ஒரு நச்சுயிரியின் வழியே சரியான மரபணுவை அவற்றுள் புகுத்தி, மீண்டும் உடலில் செலுத்தினர். பங்கேற்ற ஐவரின் கண்காணிப்புக் காலத்தையும் கூட்டினால் வரும் 81 மாதங்களில் ஒருவருக்கும் இரத்தக் கசிவு ஏற்படவில்லை. ஐவர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் மறக்கலாகாது. இதே வழியில், பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் அற்ற குழந்தைகளுக்குப் பாரிஸ் நகரில் மரபணுச் சிகிச்சை அளித்தபோது, புகுத்திய மரபணு குருத்தணுவில் தகாத இடத்தில் பதிந்ததால் அவர்களுள் சிலருக்கு இரத்தப் புற்று தோன்றியது 2002-ஆம் ஆண்டு முதல் தெரியவந்தது. பின்வந்தவர்கள் மரபணுவைச் சுமந்து செல்லப் பாதுகாப்பான ஊர்திகளைத் தேடிய காரணமும், வேலூர்ப் பங்கேற்பாளர்கள் பல ஆண்டுகள் கண்காணிக்கப்பட வேண்டிய காரணமும் இதுவே.

இரத்தத்துக்கு வெளியே, ஐயத்துக்கு இடமின்றி இச்சிகிச்சை பயன் தந்திருப்பது கண்ணில். கருவிழியும் வெள்ளை விழியும் சந்திக்கும் விளிம்பில் குடியிருக்கும் குருத்தணுக்களே கருவிழியின் மேற்படலத்தை ஓயாமல் புதுப்பிக்கின்றன. அந்த விளிம்பு வெந்துவிட்டால் வெண்படலம் கருவிழியின் மேல் படர்ந்து பார்வையை மூடிவிடும். அந்நிலையில் கண்தானமாகப் பெற்ற கருவிழியைப் பொருத்தினாலும் அது நிலைக்காது. வெற்றிலைக்குப் பயன்படும் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிதுக்கி விளையாடும் குழந்தைகள் இந்தியாவில் இத்தகைய காயத்துக்குப் பெரிதும் ஆளாகிறார்கள். கோரா எனப்படும் கச்சாப் பட்டு நூலின் பசையை நீக்கச் சோடாவையும் சோப்பையும் கொதிநீரையும், சாயமேற்ற அமிலத்தையும் கையாளும் பட்டுத் தொழில் ஊர்களில் பெரியவர்களுக்கும் இக்காயம் நேரக்கூடும். ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தில் வீரேந்தர் சங்வானும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட முறையில், நலமுள்ள மறு கண்ணின் விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவே திசுவை எடுத்து, அதைச் சிறு துணுக்குகளாக நறுக்கி, காயமுற்ற கண்ணின் மேல் விரித்த பனிக்குடச் சவ்வின் மீது ஒட்டுகிறார்கள். விலையுயர்ந்த ஆய்வகம் எதுவும் தேவைப்படாததால் இம்முறை பல நாடுகளுக்கும் பரவியது. செல்வ நாடுகள் ஆய்வகத்தில் திசுவை வளர்த்துப் பெருஞ்செலவில் செய்வதை, உடலையே ஆய்வகமாகக் கொண்டு செய்துகாட்டிய இச்சாதனை நம் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறத் தக்கது. இரு கண்களும் வெந்துபோனவர்க்கு இம்முறையில் சொந்தத் திசு கிடைக்காது என்பதால், காயம் பட்டவுடன் தூய நீரால் நெடுநேரம் கழுவுவதே அவர்க்கும் எவர்க்கும் முதல் மருத்துவம்.

மஜ்ஜையில் காணப்படும் இன்னொரு வகையான மீசன்கைமல் உயிரணுக்கள், மெய்ப்பிக்கப்பட்டதற்கும் மெய்ப்பிக்கப்படாததற்கும் இடைப்பட்ட நிலத்தைச் சேர்ந்தவை. இவை புதிய உறுப்பை முளைக்கச் செய்வதைவிட, சில வேதிப்பொருள்களைச் சுரந்து அழற்சியைத் தணித்தும் குருதி நாளங்கள் கிளைக்கத் தூண்டியும் செயற்படுவதாகவே இன்று கருதப்படுகிறது. கொடையாளர்களின் மஜ்ஜையிலிருந்து இவற்றைப் பெருக்கி, பெங்களூரைச் சேர்ந்த ஸ்டெம்ப்யூட்டிக்ஸ் நிறுவனம் ஆக்கிய மருந்துக்கு, பர்ஜர் நோயில் பயன்படுத்த 2016-இல் வரம்புக்குட்பட்ட ஒப்புதலும் 2020-இல் முழு ஒப்புதலும் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகத்தால் வழங்கப்பட்டன. பீடி, சிகரெட் பழக்கமுள்ள இளவயது ஆண்களையே பெரும்பாலும் தாக்கி, கால் தமனிகளை அடைத்து, ஆறாத புண்ணும் அழுகலும் உண்டாக்கி, இறுதியில் காலையே வெட்டி நீக்கும் நிலைக்குக் கொண்டு செல்லும் நோய் இது. கெண்டைக்கால் தசையில் செலுத்தப்படும் இம்மருந்து வலியைக் குறைத்துப் புண் ஆற உதவுகிறது. புகைப்பதை நிறுத்தாதவரிடம் நோய் தொடரவே செய்யும்.

இதே மருந்துக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானத்திலும் பயன்படுத்த 2022-இல் ஒப்புதல் கிடைத்தது. குழித்தறியில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் மிதிகட்டையை மிதித்தவர்களுக்கு மூட்டு வலியும் இடுப்பு வலியும் புதியவை அல்ல என்பதால், நெசவூர்களில் இச்செய்தி விரைந்து பரவுவது இயல்பு. ஒப்புதல் எதற்கு என்பதை இங்கே நுணுகிப் பார்க்க வேண்டும். தொடக்க, இடைநிலைத் தேய்மானத்தில் வலியைத் தணித்து நடமாட்டத்தை மேம்படுத்தவே இம்மருந்து சோதிக்கப்பட்டது. எலும்போடு எலும்பு உராயும் முற்றிய மூட்டைப் புதிதாக்கும் என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. நோயாளியின் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அதைச் சுழற்றிப் பிரித்து, அதே நாளில் மூட்டில் ஏற்றும் வேறொரு முறையை இந்த ஒப்புதலின் நிழலில் நிறுத்தி விற்பது நேர்மையன்று.

மெய்ப்பிக்கப்படாத சிகிச்சைகளில் பயன் கிட்டாமல் போவது மட்டுமே இழப்பு என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் தவறு என்பதை இரு நிகழ்வுகள் காட்டுகின்றன. அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா என்ற பரம்பரை நரம்பு நோயுள்ள ஓர் இஸ்ரேலியச் சிறுவனுக்கு மாஸ்கோ நகரில் மூன்று முறை, கருவிலிருந்து எடுத்த நரம்புக் குருத்தணுக்கள் மூளையிலும் தண்டுவட நீரிலும் செலுத்தப்பட்டன. முதல் ஊசிக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவனுடைய மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் காணப்பட்டன. அக்கட்டியின் உயிரணுக்கள் சிறுவனுடையவை அல்ல, கொடையாளர்களுடையவை என்பதை 2009-இல் வெளியான ஆய்வுரை நிறுவியது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் முதுமையால் வரும் விழித்திரைச் சிதைவுக்காகக் கொழுப்பிலிருந்து பிரித்த உயிரணுக்களை இரு கண்களிலும் ஒரே நாளில் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள், சில நாள்களிலேயே பார்வையைப் பெரும்பாலும் இழந்தது 2017-இல் மருத்துவ இதழில் பதிவாயிற்று. மருந்துக் குளிகையின் வேகம் சில மணி நேரத்தில் தணியும்; உயிருள்ள அணுவை உட்செலுத்திவிட்டால் அதைத் திரும்பப் பெறும் வழி இல்லை.

இத்தகைய மெய்ப்பிக்கப்படாத சிகிச்சைகளைக் கட்டுப்படுத்த இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2007-இல் வெளியிட்ட நெறிமுறைகளின் தலைப்பில் ஆராய்ச்சி, சிகிச்சை ஆகிய இரண்டு சொற்களும் இருந்தன. இரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை தவிர ஏனையவை அப்போது ஆய்வு நிலையிலேயே இருந்தன என்பதை வலியுறுத்த, 2013-இல் சிகிச்சை என்ற சொல் தலைப்பிலிருந்தே நீக்கப்பட்டது. 2017-இல் அந்நெறிமுறைகள் மீண்டும் திருத்தப்பட்டன; 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் குருத்தணுவிலிருந்து ஆக்கப்படும் பொருள்களைப் புதிய மருந்து என்ற வரையறைக்குள் கொண்டுவந்தன. ஆனால் உயிரணுவைப் பெருமளவு மாற்றாமல் அதே நோயாளிக்குத் திரும்பச் செலுத்துவது மருந்தன்று, அறுவை முறையே என்ற வாதம் தப்பும் வழியாகப் பயன்படுகிறது. ஆட்டிசம் என்னும் தன்மையுள்ள குழந்தைகளுக்கு இச்சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதன்று எனவும், அதைப் பரிந்துரைப்பதும் விளம்பரப்படுத்துவதும் தொழில் ஒழுக்கக் கேடு எனவும் தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுக்கநெறி வாரியம் 2022 டிசம்பரில் தெரிவித்தது. ஒவ்வொரு நோயாக இப்படி எடுத்துச் சொல்ல வேண்டிய நிலையே அந்த வழி இன்னும் அடைபடவில்லை என்பதற்குச் சான்று.

தொப்புள்கொடி இரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமிக்கும் வழக்கமும் இங்கே சேர்த்து எண்ணத்தக்கது. அவ்விரத்தம் பயனற்றது அன்று. 1988-இல் பாரிஸ் நகரில், ஃபான்கோனி இரத்தசோகையுள்ள ஒரு சிறுவன் தன் தங்கையின் தொப்புள்கொடி இரத்தத்தால் நலம் பெற்றான். கொடுத்தது தங்கை என்பதைக் கவனிக்க வேண்டும். பரம்பரை நோயோடு பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்திலும் அந்நோய் உண்டு என்பதால், தன் நோய்க்குத் தன் சேமிப்பே மருந்தாகும் வாய்ப்பு மிக அரிது. பேறுகால அச்சத்தில் இருக்கும் குடும்பத்திடம் அதை உயிர்க் காப்பீடு போலக் காட்டுவது முறையன்று. பிற்காலச் சொந்தப் பயன்பாட்டுக்கெனச் சேமிப்பதை மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைப்பதில்லை. வீட்டில் ஏற்கெனவே தலசீமியாக் குழந்தை இருந்து அடுத்தது பிறக்கப்போகும் நிலை இதற்கு விலக்கு.

ஆய்வுக்கும் விற்பனைக்கும் இடையிலான வேறுபாடு நோயாளிக்கு மிக எளிதாகத் தென்படும் இடம் பணம். முறையான மருத்துவச் சோதனை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்கும். அதற்கு அறநெறிக் குழுவின் ஒப்புதல் இருக்கும். ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில், அதாவது நம் மக்களுக்குத் தமிழில், தரப்பட்டிருக்கும். சோதிக்கப்படும் மருந்துக்காக அவரிடம் பணம் கேட்கப்படாது. அதனால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் 2019-இன் விதிகளின்படி அவருக்கு உரியவை. மெய்ப்பிக்கப்படாத அதே உயிரணுவைச் சிகிச்சை என்ற பெயரில் நகையை அடகுவைத்து வாங்குபவருக்கு இப்பாதுகாப்புகளில் ஒன்றும் இல்லை. அவர் சோதனைக்கு உட்படுகிறார், சோதனையின் செலவையும் தாமே ஏற்கிறார், அவருக்கு நேர்ந்தது பதிவாகாததால் அடுத்து வருபவருக்கும் அது பயன்படுவதில்லை. விளம்பரத் தாளோடு வரும் ஒரு குடும்பத்துக்கு, இந்த நோய்க்கு இந்த உயிரணு ஒப்புதல் பெற்றதா, இது பதிவான சோதனையா என்ற இரண்டையும் பார்த்துச் சொல்ல, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியிலும் ஆரணி, வந்தவாசி அரசு மருத்துவமனைகளிலும் வாரத்தில் ஒரு நாளேனும் ஒரு மருத்துவர் அமர்த்தப்படுவது அரசுக்குப் பெருஞ்செலவு வைக்கும் ஏற்பாடு அன்று. பதிவேடு கணினியில் எவரும் பார்க்கத் திறந்தே இருக்கிறது.